ஒரு பட்டனும் 76 நாளும்: கடல்நீர்த் தொட்டியும் சில்லரும், 18 மாத அனுபவம்

போன வாரம் என் கடல்மீன் தொட்டியின் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் ஃபேன் மோட்டார் நின்றுவிட்டது. உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. மெக்கானிக் வந்து மாற்றிக்கொடுத்த மறுநாள் ஒரு நண்பர் போன் செய்தார். "நீங்க வெச்சிருக்கிற அதே கால் ஹெச்பி சில்லர் இப்ப 22,000க்கு வந்திருக்கு, வாங்கிடலாமா?" நான் அதை 29,000 கொடுத்து வாங்கினேன். பதிலை போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டடித் தொட்டியிலிருந்து 4 × 2 × 2 அடிக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 400 லிட்டர். முதல் தடவை நிரப்பவே 14 கிலோ உப்பு ஆனது. தொட்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சிறிய தொட்டியில் ஆவியான அளவுக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் உப்பளவு ஏறிவிடும். இதில் எது மாறினாலும் மெதுவாக மாறுகிறது. கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை என்பதால் அவற்றை நான் வைப்பதில்லை. மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்கள் மட்டும்தான். அவை இந்தத் தொட்டியில் விரிந்தது போல பழைய தொட்டியில் விரியவில்லை.

சரி, சில்லருக்கு வருகிறேன். சென்னை மே மாதத்தில் 400 லிட்டரை 26 டிகிரியில் பிடித்து வைக்கிறது. அது சாதாரண வேலை இல்லை. ஆனால் கரண்ட் போய் வந்தால் அது தானாக ஓடாது. சிவப்பு விளக்கை எரியவிட்டு அப்படியே நிற்கும். யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டும்.

போன வருடம் மே மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். கால் மணி நேரம்தான் மின்தடை என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். பம்புகள் இன்வெர்ட்டரில் ஓடின. சில்லர் மட்டும் 30 மணி நேரம் சும்மா நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் 31.5 டிகிரி. லெதர் பவளம் சுருங்கிக் கிடந்தது. பவுடர் ப்ளூ டாங்க் என்ற மீன் ஒரு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதன் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மரைன் இக், கடல்மீன்களுக்கு ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய்.

பட்டனை அழுத்திய ஐந்து மணி நேரத்தில் அதே சில்லர் தண்ணீரை 26க்குக் கொண்டுவந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூடு இக்கை உண்டாக்காது. அந்த டாங்க் மீனை வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தனித் தொட்டியில் வைக்காமல் நேராகப் பெரிய தொட்டியில் விட்டவன் நான். ஒட்டுண்ணி அதோடுதான் வந்திருக்க வேண்டும். அந்த இனம் இக்குக்கு எளிதில் இடம் கொடுக்கும் என்பதும், அதற்கு நாலடித் தொட்டி போதாது என்பதும் தெரிந்தே வாங்கினேன். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. செவுளில் ஒட்டுண்ணி இருக்கும் மீனுக்கு அந்த 30 மணி நேரம் என்ன செய்திருக்கும் என்று நினைக்கும்போது என்னால் சில்லரை மன்னிக்க முடியவில்லை.

மருந்து காப்பர். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். கொளத்தூரில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி, 60 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் நாலு பிவிசி குழாய்த் துண்டுகளைப் போட்டு, ஏசி இருக்கும் படுக்கையறையில் வைத்தேன். மீன்கள் எல்லாம் அங்கே போயின. இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கட்டுண்ட காப்பரை (வேறொரு பொருளோடு பிணைத்து விற்கும் காப்பர்) 2 பிபிஎம்மில், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராமில், 30 நாள் வைத்திருந்தேன். புது டப்பில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்திருக்காது என்பதால் அம்மோனியா தொல்லை. தினமும் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்குக் காப்பர் சேர்த்து, மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். டாங்க் நாலாம் நாள் இறந்தது. இரண்டு க்ளவுன் மீன்களும் டாம்செல் மீனும் பிழைத்தன.

பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் கிடந்தது. இந்த ஒட்டுண்ணி மீனின் உடம்பில் ஒரு வாரம் வரை இருந்துவிட்டு உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடுகட்டிப் பெருகும். கூட்டை விட்டு வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். சில கூடுகள் 72 நாள் கழித்தும் பொரிந்திருக்கின்றன, அதனால்தான் அந்தக் கணக்கு. வலை வேறு, வாளி வேறு. டப்பில் கை வைத்தால் அந்த ஈரக் கையோடு பெரிய தொட்டியைத் தொடக் கூடாது. அம்மா தினமும் காலண்டரில் ஒரு கோடு போட்டார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் அந்த நாட்களில் நடந்தது. தின்ன மீன் இல்லாததால் கோபிபாடுகள் என்ற பொடி நீருயிர்கள் பெருகி, ராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொடியாக ஊர்ந்தன. கல்லின் ஒவ்வொரு பொந்திலும் விசிறிப் புழுக்கள். பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது வந்த மெக்கானிக் சில்லரின் பழைய போர்டை ஒதுக்கிவிட்டு எஸ்டிசி-1000 என்ற வெப்பநிலைக் கண்ட்ரோலரைப் பொருத்தினார். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கரண்ட் வந்து மூன்று நிமிடத்தில் தானாக ஓடுகிறது, செட் செய்த டிகிரியும் மறப்பதில்லை. குளிர்விப்பதில் குறை இல்லை, சத்தம் குறைவு, இருந்த ஒரே கோளாறும் தீர்ந்தது, விலையும் இறங்கியிருக்கிறது.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆயிரம் ரூபாயில் தீரும் விஷயத்தை 29,000 ரூபாய்ப் பொருளில் வைக்காமல் விட்டவர்களுக்கு இன்னொரு பில் போவதில் எனக்கு விருப்பம் இல்லை. நாலடித் தொட்டியைத் தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன்னால் அந்த 60 லிட்டர் டப்பை வாங்கி ஓடவிடுங்கள். சில்லர் எதுவானாலும் கடையிலேயே ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.