வீட்டுக்கல்விச் சாமான்கள்: புழக்கத்தில் நின்றதும் பரணுக்குப் போனதும்

மதுரையில் ஏழெட்டு வருடமாக எங்கள் பிள்ளைகள் இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். மகனுக்கு ஒன்பது வயது. புதிதாக ஆரம்பிக்கும் பெற்றோர் போன் செய்தால், பாடத்திட்டத்தைவிட "என்ன வாங்கணும், எதை வாங்க வேண்டாம்?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் சாமான் சாமானாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். நான் பக்கத்தில் உட்காராமல் பிள்ளை தானாக எடுக்கிறதா? நான் உட்கார்ந்தால்தான் ஓடும் என்கிற சாமான், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், இரண்டு மூன்று மாதத்தில் பரணுக்குப் போய்விடுகிறது. அடுப்பில் சாம்பார் கொதிக்கும், கேஸ்காரர் மணி அடிப்பார், மதியத்துக்கு மேல் எனக்குக் கணக்கு எழுதும் வேலை இருக்கும். பள்ளிக்கூட டீச்சருக்கு ஒரு பீரியடில் ஒரு வேலை. வீட்டில் அப்படி நடப்பதே இல்லை.

இந்த அளவுகோலில் முதலிடம் குசினேர் குச்சிகளுக்கு. கணக்கு பழகுவதற்காகப் பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கியவை. ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளம், பத்து நிறம். ஒன்றுக்கு வெள்ளை, மூன்றுக்கு இளம்பச்சை, ஐந்துக்கு மஞ்சள், ஏழுக்குக் கறுப்பு, பத்துக்கு ஆரஞ்சு என்று போகும். குச்சியின் மேல் எண்ணோ கோடோ எதுவும் இருக்காது. அதுதான் அதன் பலமே. எண்ணி எண்ணிக் கூட்டாமல், பார்த்தும் வைத்தும் அளவு மனதில் பதிகிறது.

மகன் அவற்றை ரயில் விடத்தான் எடுத்தான். ஆரஞ்சுக்குக் கீழே அதே நீளத்தில் வேறு நிற ரயில், ஒரு ரயிலுக்கு ஒரே நிறம்தான் என்று அவனே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். ஆரஞ்சுக்கு இரண்டு மஞ்சள் சரியாக வந்தது, ஐந்து சிவப்பு வந்தது. கறுப்பை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடுமாறினான். சிவப்பு வைத்தால் ஒன்று குறைந்தது, இளம்பச்சை வைத்தாலும் ஒன்று குறைந்தது. கடைசியில் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, இந்தக் கறுப்பு வெள்ளையைத் தவிர யாரோடும் சேர மாட்டேங்குது" என்றான். கொஞ்ச நேரத்தில், "மஞ்சளும் அப்படித்தான்" என்றான். பகா எண் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டது ரொம்ப நாள் கழித்துத்தான். நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

குறையும் உண்டு. வெள்ளைக் கட்டைகள் பீரோவுக்கு அடியில் போய்ச் சேரும், பெருக்கும்போது குப்பையோடு போகும். தனியாகக் கூடுதல் வெள்ளை கிடைத்தால் வாங்கி வையுங்கள். மரத்தில் செய்தது விலை அதிகம், பிளாஸ்டிக்கே போதும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். அப்புறம், வந்த டப்பாவிலேயே மூடி வைக்காதீர்கள். நாங்கள் ஒரு பழைய தாம்பாளத்தில் கொட்டி, கீழ்த்தட்டில் மூடியில்லாமல் வைத்திருக்கிறோம். மூடி திறக்க வேண்டும் என்ற சின்னத் தடையே பல சாமான்களைக் கொன்றுவிடுகிறது.

அடுத்தது காசே ஆகாதது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். பொம்மை வழியாக அறிவியல் சொல்லும் அரவிந்த் குப்தாவின் யோசனை இது. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மெல்லிய ரப்பர்க் குழாயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் சொருகினால் மூட்டு தயார். முக்கோணம் செய்தால் விறைப்பாக நிற்கும், சதுரம் செய்தால் சாய்ந்து சாய்சதுரமாகும். சதுரத்துக்கு நடுவே மூலைவிட்டமாக, கொஞ்சம் நீளமான ஒரு குச்சி கொடுத்தால் நின்றுவிடும். ரயில் பாலத்தில் ஏன் இத்தனை முக்கோணம் என்று அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டியூப் வாங்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். புது சைக்கிள்களில் பல, இந்த ரப்பர்க் குழாய் தேவைப்படாத மோட்டார் வால்வோடு வருவதால் எல்லாக் கடையிலும் இது இருப்பதில்லை. பஞ்சர் கடைப் பெரியவர் ஒருவர், "எத்தனை சைக்கிள்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சுருளிலிருந்து நீளமாக வெட்டிக் கொடுத்தார்.

பாடப்புத்தகத்துக்கு நாங்கள் வேறெங்கும் போகவில்லை, தமிழ்நாடு அரசுப் புத்தகங்களேதான். 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளில் தொடங்கி மாற்றிய புத்தகங்கள் பழையவற்றைவிடப் பார்க்கவும் படிக்கவும் நன்றாக இருக்கின்றன. எல்லாமே பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழும் சமூக அறிவியலும் கதைப் புத்தகம்போல் தானாகப் படிக்கக்கூடியவை. மேல்வகுப்புக் கணக்கு அப்படியில்லை. ஒரு எடுத்துக்காட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தூரம் அதிகம், யாராவது கூட இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அவர்கள் அப்பாவின் இராத்திரி வேலை.

பிடிஎஃப் என்றதும் எல்லோரும் பிரிண்டர் வாங்க ஓடுகிறார்கள். நாங்களும் ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினோம். பக்கத்துக்கு ஆகும் மை என்னவோ மலிவுதான். ஆனால் தினமும் ஓட்டாமல் கோடைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஹெட் காய்ந்துபோய் வரி வரியாக அடிக்கும். சுத்தம் செய்யும் ஆப்ஷனை அழுத்த அழுத்த மை தீரும். சர்வீஸ் ஆள் வந்து சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம். என் கருத்து இதுதான்: முழுப் புத்தகம் வேண்டுமென்றால் அச்சிட்ட புத்தகத்தையே வாங்குங்கள். போட்டித் தேர்வு எழுதுபவர்களும் இவற்றைத்தான் படிக்கிறார்கள் என்பதால் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கிறது. நாலைந்து பக்கம் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடை. பென் டிரைவைக் கொண்டுபோய் இத்தனை காப்பி என்று கேட்டு, காசு எண்ணிக் கொடுத்து, மீதி வாங்கி வருவது மகனின் வேலை. அதுவும் ஒரு பாடம்தான்.

கற்றல் ஆப் பற்றிக் கேட்பார்கள். ஒரு வருடச் சந்தா கட்டிய ஆப் ஒன்று எங்களிடமும் இருந்தது. வீடியோக்கள் பளபளவென்று இருந்தன. பிள்ளை பார்த்தது, தலையாட்டியது, பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் முழித்தது. சந்தா முடிகிற சமயத்தில் வந்த போன்கள்தான் மிச்சம். அதைப் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பதில் ஸ்டோரிவீவரைச் சொல்வேன். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய இணையக் கதைத் தளம் அது, தமிழிலும் நிறையக் கதைகள், காசு கிடையாது. நான்கு படிநிலையாகப் பிரித்திருப்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் தோதாக எடுத்துக் கொடுக்கலாம். சில கதைகளில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும், அதைத் தாண்டிப் போய்விடுங்கள். உலக உருண்டை, சுவர் வரைபடம் இரண்டில் ஒன்று போதும், வரைபடம்தான் என் ஓட்டு. சாப்பிடும் இடத்துக்கு எதிரே மாட்டினால் யாரும் சொல்லாமலே பார்ப்பார்கள்.

தமிழ் வாசிப்புக்கு எங்கள் வீட்டில் உண்மையாக வேலை செய்தது நாளிதழ். என் மாமியாருக்குக் கண் மங்கிவிட்டதால் மதியம் சாப்பிட்ட பிறகு பேரன்தான் படித்துக் காட்ட வேண்டும். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் தொடங்கி ராசிபலன் வரை ஒன்று விடக்கூடாது.

"சவரன் எவ்வளவுடா இன்னைக்கு?"

"பாட்டி, இதுல கிராம் விலைதான் போட்டிருக்கு."

"எட்டால பெருக்கு."

அவன் தரையில் சாக்பீஸால் பெருக்குவான். அவர் மனதிலேயே போட்டு முடித்துவிட்டுக் காத்திருப்பார். தப்பாகச் சொன்னால், "அவ்வளவு ஏறியிருந்தா உங்க அம்மா இந்நேரம் கத்தியிருப்பா" என்பார். விடை நம்பும்படி இருக்கிறதா என்று யோசிக்க வைக்க, இதைவிட நல்ல பயிற்சித்தாளை நான் எங்கும் வாங்கியதில்லை.

நூலகத்தைப் பொறுத்தவரை மதுரைக்காரர்களுக்கு யோகம். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறந்தார்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வாரநாள் காலையில் போங்கள். சனி, ஞாயிறு என்றால் கூட்டத்தில் உட்கார இடம் தேட வேண்டும். வீட்டுக்கல்விக்காரர்களுக்கு இருக்கும் ஒரே ராஜ வசதி அந்த வாரநாள் காலைதான், அதைப் பயிற்சித்தாளில் வீணாக்காதீர்கள். கீழடி அருங்காட்சியகத்துக்கும் நாங்கள் அப்படித்தான் போனோம். ஒவ்வொரு பானை ஓட்டுக் கீறலுக்கும் முன்னால் நின்று, பிள்ளைகள் பார்த்து முடிக்கும்வரை யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை.

இனி எல்லோரும் பயப்படும் விஷயம், சான்றிதழ். 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஒரு ஆசிரியை எங்கள் தெருவுக்கு வந்தபோது நோட்டுகளைக் காட்டிப் பேசி அனுப்பினோம். அவரும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

பத்தாம் வகுப்புக்கு என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான் எங்கள் வழி. 1989-லிருந்து இருக்கும் மத்திய அரசு வாரியம். 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஐந்தையும் ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. மகள் தமிழையும் ஓவியத்தையும் முதலில் முடித்துவிட்டு, கணக்குக்கும் அறிவியலுக்கும் மூச்சு விட்டுக்கொள்கிறாள். எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இருபது சதவீத மதிப்பெண் அதில் இருக்கிறது. படிப்பு மையத்தைச் சேருவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்த மையத்தில் போன் எடுக்கவே ஆள் இல்லை, செய்முறைத் தேர்வுத் தேதியை வேறொரு பெற்றோர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் சில சலுகைகள் பள்ளிப் பதிவேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத அரசு வேலை ஒதுக்கீடும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக் காலத்திலிருந்தே தமிழ்வழி என்று சான்று கேட்கிறது. வீட்டில் தமிழிலேயே படித்த பிள்ளைக்கு அந்தச் சான்றைத் தர யாரும் இல்லை. எங்களுக்கு இது தெரிந்தே எடுத்த முடிவு. உங்கள் வீட்டில் அந்த ஒதுக்கீடுகளை நம்பித்தான் திட்டம் என்றால், பள்ளி வயது தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கடைசியாக லேமினேட்டர். எழுத்து அட்டை, பெருக்கல் வாய்ப்பாடு அட்டை என்று எல்லாவற்றையும் லேமினேட் செய்யச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அட்டை வெட்டுவது நான், உறை போடுவது நான், ஓரம் கத்தரிப்பது நான், பிறகு காட்டிக் கேள்வி கேட்பதும் நான். பிள்ளைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ரேஷன் கார்டும் ஆதாரும் மட்டும் நன்றாக லேமினேட் ஆயின. மெஷின் நல்ல நிலையில், டப்பாவோடு இருக்கிறது. மதுரைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.