மீன் சந்தைப் பக்கத்து நண்டுக் கடை: தடிமனோடு போகாதீர்கள்

திருகோணமலை மீன் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெயர்ப்பலகை இல்லாத மதியச் சாப்பாட்டுக் கடை. கூட்டம் வருவது நண்டுக் கறிக்கு. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். சாப்பாட்டோடு பாடமும் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வறுத்த தூளும் முருங்கையிலையும் சேர்ந்த அந்த வாசம் நாக்குக்குப் பிடிபடாது. மெல்லும்போது தொண்டையின் பின்பக்கத்தால் மூக்குக்குள் ஏறுகிறது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு போன்றவற்றின் ருசி) ஆகியவைதான். சந்தேகமென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். உப்பும் உறைப்பும்தான் மிஞ்சும். தடிமன் பிடித்து மூக்கடைத்தாலும் இதே கதிதான்.

உறைப்பு சுவையே இல்லை. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல் சூட்டை உணர்த்தும் ஏற்பியையே மிளகாயின் கப்சைசினும் தட்டிவிடுகிறது. மூளை அதை நெருப்பென்று எடுத்துக்கொள்ள, நெற்றி வியர்க்கிறது. தண்ணீர் குடித்துப் பயனில்லை, கப்சைசின் அதில் கரையாது. எருமைத் தயிர் கேளுங்கள், தருவார்கள்.

கரண்டியையும் மறந்துவிடுங்கள். சதைக்குள் கிடக்கும் ஓட்டுச் சில்லைக் கண்ணுக்கு முன் விரல்நுனி கண்டுபிடித்துவிடும்.

குறை ஒன்று: கை கழுவும் இடத்தில் பினாயில் நெடி. பக்கத்து மேசையில் இருந்தால் கறியின் வாசம் பாதி போச்சு. சொதியும் சுமார்தான். சரி, இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள். பன்னிரண்டரைக்கு முன் போங்கள், அப்புறம் நண்டு கிடைக்காது.