திருகோணமலையில் இருந்துகொண்டு கமரா பழக: எந்த இணையப் பாடம் நமக்குச் சரிவரும்?

போன வருடம் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், மணவறை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. தாலி கட்டும் நேரமும் அப்படித்தான். யூடியூப்பில் ஓர் அமெரிக்கர் சொன்ன கணக்கை மாற்றாமல் வைத்திருந்தேன்: நொடிக்கு 30 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/60 நொடி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று. இலங்கையில் 50. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை என்று மண்டபத்து டியூப்லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்திருந்தால் அந்தப் பட்டை விழுந்திருக்காது. மணமகளின் அம்மாவிடம் அதைக் காட்டிய நாள் இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன். எண்ணை மட்டும் தருகிறதா, அந்த எண் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறதா? சூரியன் உதித்தவுடனும் மறையுமுன்னும் கிடைக்கும் மென்மையான வெளிச்சத்துக்கு 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். வட ஐரோப்பாவில் சூரியன் சாய்வாக ஏறுவதால் அவ்வளவு நேரம் கிடைக்கும். நாம் இருப்பது ஏறத்தாழ எட்டரை பாகை வட அகலாங்கில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுகிறது. கோணேசர் கோயில் பாறையில் விடிகாலையில் நின்று பாருங்கள், அந்த மென்மையான வெளிச்சம் அரை மணி நேரத்துக்குள் போய்விடும். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான் தேடி அலைந்துவிட்டுப் பிறகு மலை ஏறலாம் என்றால் பிந்திவிடும்.

போட்டோவுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் மதிப்பவை இரண்டு. ஒன்று, மார்க் லெவோயின் வகுப்புகள். ஸ்டான்போர்டில் பேராசிரியராக இருந்தவர். கூகுளின் பிக்சல் போன் கமராவுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். 2016இல் கூகுளில் நடத்திய 18 வகுப்புகளும் யூடியூப்பில் இருக்கின்றன. மற்றது கேம்பிரிட்ஜ் இன் கலர் என்ற தளம். அது எழுத்தும் வரைபடமும்தான், வீடியோ இல்லை.

அறிவில் லெவோய்தான் ஆழம். ஆனால் நீளம், கணக்கு அதிகம், வீடியோ என்பதால் டேட்டாவும் தின்னும். கேம்பிரிட்ஜ் இன் கலரை ஒரு சின்ன டேட்டா கார்டில் பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம். நிலாவெளி மணலைப் படம் எடுத்தால் ஏன் அழுக்குச் சாம்பலாக வருகிறது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை மணல் நிறைந்த காட்சியென்றால் நாமாகவே ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளியை இரு மடங்கு வரை, கூட்ட வேண்டும். இது விளங்கிய பிறகு வெள்ளைச் சேலை, கோயில் சுவர் எல்லாம் தானாகச் சரியாகின. ஆகவே முதலில் கேம்பிரிட்ஜ் இன் கலர். சந்தேகம் மிஞ்சினால் லெவோய்.

மாஸ்டர்கிளாஸ் என்ற சந்தாத் தளத்தில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி, போட்டோக்காரர் ஆனி லீபோவிட்ஸ் எல்லாம் பேசுகிறார்கள். கேட்க உற்சாகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வருடச் சந்தாவை டொலரில் கட்ட வேண்டும், கையில் வேலையும் பழகாது. அதைவிட நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் வைத்திருக்கும் போட்டோ பாடத்தைச் சொல்வேன். அது கமராவைத் தொடவே தொடாது. ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பாடம். இரண்டு வருடம் எடுத்துப் பழகியவர்கள் போகலாம், தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

தமிழில் சொல்லித்தரும் சேனல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. இந்தியாவிலும் 50 ஹேர்ட்ஸ், வெயிலும் நம் வெயில் மாதிரித்தான், எனவே அவர்கள் சொல்லும் எண்கள் இங்கேயும் பொருந்தும். பாதி நேரம் எந்த லென்ஸ் என்ன விலை என்பதிலேயே போய்விடுவதுதான் குறை.

எடிட்டிங்கிற்கு டாவின்சி ரிசால்வ். மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும், பயிற்சிப் புத்தகங்களையும் நிறுவனமே பிடிஎஃப்பாக இலவசமாகத் தருகிறது. பயிற்சிக் காட்சிகள் பெரிய கோப்புகள், நல்ல வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

சினிமா மொழிக்கு யூடியூப் சேனல்கள் இரண்டு: ஸ்டூடியோபைண்டரா, எவ்ரி பிரேம் எ பெயின்டிங்கா? பின்னதை டோனி ஸோவும் டெய்லர் ராமோஸும் 2014 முதல் 2016 வரை செய்தார்கள். ஓர் இயக்குநரின் ஒரே பழக்கத்தை எடுத்து அலசுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நாளைக்கே ஷூட்டிங் என்றால் ஸ்டூடியோபைண்டர்தான் உதவும். உப்புவெளியில் கரைவலை இழுப்பதைத் தம்பிமார் சிலர் எடுத்தார்கள். ஒருவர் கயிற்றுக்குத் தெற்கே நின்றார், மற்றவர் வடக்கே. இரண்டு ஷாட்டையும் ஒட்டினால், ஒரே வலையை இழுப்பவர்கள் கயிறிழுத்தல் போட்டியில் எதிரெதிராக நிற்பதுபோல் தெரிந்தது. ஒரு காட்சியில் கமரா ஒரே பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது 180 பாகை விதி. ஸ்டூடியோபைண்டரில் அதற்கு மேலிருந்து பார்க்கும் வரைபடம் உண்டு. அதைக் காட்டியதும் யாரும் விளக்காமலே பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் இருவரும் தெற்கிலேயே நின்றார்கள்.

ஒலிக்குத்தான் இவை எதுவும் நமக்குப் போதவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் போன் மைக்கில் இரைச்சல் மட்டும்தான் பதியும். கரைவலையை முதல் நாள் எடுத்ததில், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அடுத்த நாள் கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்தின் மறைவில், இழுப்பவர்களுக்குக் கிட்டவாக, இரண்டாவது போனை ஒரு துவாய்த் துண்டு சுற்றி வைத்தோம். பாட்டு முழுசாக வந்தது, நடுவில் ஒருவர் மூச்சு வாங்குவது உட்பட.