அடியில் புதுக் கருப்புப் பூச்சு தெரிந்தால் பயப்படுங்கள்: என் ஸ்பிட்ஃபயர் போன கதை

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கப் பட்டறையில் விடப்போகிறீர்களா? முக்கியமாக இங்கிலாந்தில் இருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 11,400 பவுண்ட் கொடுத்து, தார் பூசிய துருவை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. அதோடு, அவர்கள் வேலையை எப்படி மறைத்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

கார் 1976ஆம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. நான் இருப்பது கவன்ட்ரியில். இந்தக் கார் பிறந்த கேன்லி தொழிற்சாலை இதே ஊரில்தான் இருந்தது. 1980இல் ஸ்பிட்ஃபயர் நின்றதோடு அங்கே கார் பூட்டுவதும் நின்றுபோனது. ஆனால் எனக்கு ஆசை வந்தது கவன்ட்ரியால் அல்ல, சென்னையில் அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டால். ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் செய்தார்கள். ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலியரான மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் சேசிஸே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்தால் எஞ்சின் முழுக்க வெளியே தெரியும், முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். சின்ன வயதில் அந்த டயர்மேல் உட்கார்ந்து அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தவன் நான். நாற்பது வயதில் அதன் தம்பியை வாங்காமல் இருப்பேனா?

நான் ஏமாந்ததற்கும் அந்த ஹெரால்ட்தான் பாதிக் காரணம்.

நம்ம ஊர் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்களே, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, அது ஹெரால்டில் போல்ட் போட்டு மாட்டிய வெறும் தகடு. துருப்பிடித்தால் கழற்றிப்போட்டு வேறு மாட்டலாம். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் சேசிஸ். ஸ்பிட்ஃபயரில் கதை வேறு. சேசிஸைக் குறுக்கியபோது பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு பெட்டிச் சட்டங்கள் மட்டும்தான். பக்கங்களில் வலு கொடுப்பது அந்த ரன்னிங் போர்டுதான். உள்தகடு, நடுவில் ஒரு வலுத்தகடு, வெளித்தகடு என்று மூன்றடுக்காகப் பற்றவைத்த பெட்டி அது. பின் அச்சைப் பிடித்திருக்கும் தண்டுகள்கூட முன்முனையில் சேசிஸில் அல்ல, இருக்கைக்குப் பின்னால் உடல் தகட்டில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. இவை உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்யும், பின் அச்சு தன் இஷ்டத்துக்கு அசையும். மேலே கூரையும் இல்லாத வண்டி!

இது எனக்கு அப்போது தெரியாது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ரன்னிங் போர்டு மேலாகக் கொஞ்சம் போயிருக்கிறது, அதைச் சமாளித்துக்கொள்ளலாம், சேசிஸ்தான் முக்கியம்" என்றதும், அப்பாவின் ஹெரால்டை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

2021 அக்டோபரில் வண்டியை விட்டேன். அவர் வாயால் சொன்ன வேலை இது: உடலைச் சேசிஸிலிருந்து தூக்குவது, சேசிஸை ஷாட் பிளாஸ்ட் செய்து, அதாவது சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துத் துருவைப் பெயர்த்து, வெறும் இரும்பாக்குவது, உளுத்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பது, எபாக்ஸி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு கை, மேலே பெயின்ட், கடைசியாகப் பெட்டிச் சட்டங்களுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு அடிப்பது. பத்து வருடம் துரு வராது, என் பொறுப்பு என்றார். கேட்கக் கேட்க இனிப்பாக இருந்தது. பில்லில் எழுதியிருந்தது ஒரே வரி: "அடிப்பகுதி துரு நீக்கமும் பாதுகாப்புப் பூச்சும்." பற்றவைப்பு பற்றியோ பிளாஸ்ட் பற்றியோ மெழுகு பற்றியோ ஒரு சொல் கிடையாது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் 3,000 பவுண்ட் வங்கி வழியாக அனுப்பினேன். உதிரிபாகத்துக்கு என்று இன்னொரு 350 கேட்டார். அன்று கணக்கில் பணம் குறைவாக இருந்ததால் அதை மட்டும் கிரெடிட் கார்டில் கொடுத்தேன். இந்த 350ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் என்ற வேலை பதினொரு மாதம் ஆனது. நடுநடுவே பணம் கேட்டார், கொடுத்தேன். போய்ப் பார்க்கிறேன் என்றால் காப்பீட்டு விதி, உள்ளே விட முடியாது என்றார். ஒருமுறை ரொம்ப வற்புறுத்தியதும் நான்கு படங்கள் அனுப்பினார். சாம்பல் நிறத்தில் பிளாஸ்ட் செய்த சேசிஸ், அப்புறம் சிவப்பு பிரைமர் அடித்த சேசிஸ். அழகாக இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. என் காரை முன்பு வைத்திருந்தவர் டிரெய்லர் இழுப்பதற்காகச் சேசிஸின் வால்பகுதியில் இரண்டு துளை போட்டிருந்தார், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. படத்தில் அவற்றைக் காணோம். கேட்டேன். "அடைத்துப் பற்றவைத்துவிட்டோம், இலவசம்" என்றார். நன்றி வேறு சொன்னேன்.

2022 செப்டம்பரில் வண்டி வந்தது. ஜாக்கி போட்டு அடியில் எட்டிப் பார்த்தால் மையிட்ட மாதிரி ஒரே கருப்பு. வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். சென்னைப் புதுப்பேட்டையில் வருடக்கணக்கில் டிங்கரிங் பட்டறைகளில் உட்கார்ந்திருந்தவர் அவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டேய், கருப்புக்கு அடியில என்னன்னு பார்த்தியா? வெல்டிங் போட்ட தடமே தெரியலையேடா" என்றார். "அப்பா, இது இங்கிலாந்து" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

2023 குளிர்காலத்தில் இரண்டு விஷயம் கவனித்தேன். மழையில் ஓட்டிவிட்டு கராஜில் நிறுத்தினால் தரையில் செந்நிறத்தில் தண்ணீர் சொட்டியிருந்தது. இன்னொன்று, ஓட்டுநர் பக்கக் கதவு மேல்மூலையில் உரச ஆரம்பித்தது. ஸ்பிட்ஃபயர் தெரிந்தவர்களுக்கு இது போதும். கதவின் இடைவெளி மேலே குறுகினால் கார் நடுவில் தொய்கிறது என்று அர்த்தம்.

இங்கே 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி., அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை, கட்டாயமில்லை. பெரிய சலுகை என்று நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். இதனால் லாபம் யாருக்கு என்று இப்போது புரிகிறது. வண்டிக்கு அடியில் விவரம் தெரிந்த ஒருவர் விளக்குப் பிடித்துப் பார்க்கும் அந்த ஒரே நாளும் இல்லாமல் போய்விட்டது. விரும்பினால் நாமே பணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். அப்படித்தான் கொண்டுபோனேன்.

சோதனைக்காரர் சின்னச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். என் வண்டி தொப் தொப் என்றது. ஓரிடத்தில் கருப்புப் பூச்சு உரித்த வாழைத்தோல் மாதிரி நீளமாகக் கையோடு வந்தது. அதன் உள்பக்கம் முழுக்க ஈரத் துரு. கம்பிப் பிரஷ்கூடப் போடாத பழைய துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் போனார். இரண்டு கருப்புக் கட்டிகளைச் சுரண்டினார். என் இரண்டு துளைகள்! துணியைத் திணித்து மேலே தார் பூசியிருந்தது. படத்தில் இருந்தது யாருடைய சேசிஸோ.

தார் மாதிரியான இந்தப் பூச்சே கெட்டது என்று சொல்லவில்லை. சுத்தமான, பிரைமர் அடித்த இரும்பின் மேலே கல் அடிக்காமல் காக்கும். துருவின் மேலே அடித்தால் நிலைமை தலைகீழ். வருடம் போகப் போக அது இறுகி வெடிக்கிறது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். உப்புநீர் அங்கேயே தங்கினால் துரு இன்னும் வேகமாகப் பரவும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பூச்சைத் தள்ளிக்கொண்டு உப்புகிறது, வெடிப்பு இன்னும் பெரிதாகிறது. போதாததற்கு, ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகளையும் அதே கருப்பால் அடைத்திருந்தார்கள். உள்ளே சின்னக் கேமரா விட்டுப் பார்த்தால் மெழுகு ஒரு துளி இல்லை.

ரன்னிங் போர்டு தனிக் கூத்து. உளுத்த பழைய தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களில் அங்கங்கே புள்ளி வைத்துப் பற்றவைத்து, மீதியைப் பட்டி போட்டு இழைத்திருந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய வலுத்தகடு பாதி தூளாகிவிட்டது. காந்தத்தை வைத்தால் பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாமல் விழுகிறது. இந்த ஒரு ரூபாய் சோதனையை வண்டி வந்த அன்றே செய்திருக்கலாம்.

பட்டறைக்கு எழுதினேன். உப்புச் சாலையில் ஓட்டியதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. துருவுக்குக் கொடுத்த உத்தரவாதம் உப்பில் செல்லாதாம்! அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எந்த வேலையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்துதரும்படி கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். உத்தரவாதத் தாள் இருக்கிறதா இல்லையா என்பது இதற்குத் தடையில்லை. 420 பவுண்டுக்கு ஒரு தனிப் பொறியாளரை வைத்துப் படங்களோடு அறிக்கை வாங்கினேன். அது கையில் இல்லாமல் நீங்கள் என்ன எழுதினாலும் வெறும் புலம்பலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்த 350 பவுண்டுக்கு வருகிறேன். 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000க்குள் விலை உள்ள ஒன்றுக்கு ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், ஒப்பந்தம் மீறப்பட்டதற்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. கார்டில் கொடுத்த தொகைக்கு மட்டுமல்ல, முழுமைக்கும். வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மூன்று மாத இழுபறிக்குப் பின் கார்டு நிறுவனம் 6,200 தந்தது. மீதிக்குச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் போட்டிருக்கிறேன். அங்கே 10,000 வரைதான் கேட்கலாம். முழுத் தொகைக்கும் போயிருந்தால் வழக்கு வேறு பிரிவில் நடக்கும், தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் என் தலையில் விழுந்திருக்கும்.

கார் இப்போது வேறொரு பட்டறையில். முந்தைய அனுபவத்தால் கொஞ்சம் பைத்தியக்காரன் மாதிரித்தான் நடந்துகொண்டேன். எந்தெந்தத் தகட்டை வெட்டுவது, எத்தனை மில்லிமீட்டர் தகடு வைப்பது, எந்தப் பூச்சு, எத்தனை கை என்று எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொன்னேன். கருப்பு அடிப்பதற்கு முன் நான் வந்து பார்ப்பேன், பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்றேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். "இதெல்லாம் நீங்கள் சொல்லாவிட்டாலும் எழுதுவேன்" என்றார் அந்த வயதானவர். உடலைத் தூக்குவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். ரன்னிங் போர்டை வெட்டும்போது உடல் வளையாமல் இருக்க அது வேண்டுமாம். முதல் பட்டறையில் அந்தக் கம்பிக்கான தடம் எங்கேயும் இல்லை. உடலை அவர்கள் தூக்கவே இல்லை என்பது அப்படித்தான் தெரிந்தது.

சேசிஸைத் துத்தநாகத்தில் முக்கி எடுக்கலாமா என்று கேட்டேன். கிட்டத்தட்ட 450 டிகிரிச் சூட்டில் உருகிய துத்தநாகம், பழைய மெல்லிய சட்டம் முறுக்கிக்கொண்டால் யார் நேராக்குவது என்றார். எபாக்ஸியும் மெழுகும் போதும், வருடா வருடம் மெழுகைப் பார்த்துக்கொள் என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

போன வாரம் சேசிஸ் பிளாஸ்ட் முடிந்து வந்தது. வெறும் இரும்பு, பார்க்கவே நன்றாக இருந்தது. வாலில் இருக்கும் இரண்டு துளைகளைக் காட்டி, இதையும் அடைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.