ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஃபோர் பை ஃபோர்: பெங்களூர் பழைய வண்டிச் சந்தை எப்படி?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பெங்களூரில் பழைய ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகும் வண்டி, வாங்குவதென்றால் மீட்டரில் இருக்கும் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். ஐடி கம்பெனி பார்க்கிங்கிலேயே காலம் தள்ளிய தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட, ரெண்டு லட்சத்தைத் தாண்டிய காபி எஸ்டேட் வண்டி பல நேரம் உருப்படியாக இருக்கிறது. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான்: 2012 ஃபார்ச்சூனர், 3.0 டீசல், மேனுவல் கியர், சக்லேஷ்பூர் பதிவு, கேஏ-46.

எதற்கு இந்த வயதான யானை என்று வீட்டிலும் கேட்டார்கள். அஞ்செட்டி பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மழை பெய்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் வெறும் சேறு. டிராக்டர் போகும், ஸ்விஃப்ட் போகாது. புதுசு வாங்கப் பணம் இல்லை, பத்து லட்சத்துக்குள் முடிய வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆன்லைனில் விற்கும் பெரிய கம்பெனிகளிடம்தான் எல்லோரும் முதலில் போவார்கள். பேப்பர் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், வண்டியை வாசலுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறார்கள், பேரம் என்ற தலைவலி கிடையாது. ஹேட்ச்பேக் வாங்க நல்ல வழி, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோர் பை ஃபோருக்கு அவர்களுடைய இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் அரைக்காசு பெறாது. பக்கம் பக்கமாகப் படம், சீட் கவரில் கிழிசல், பம்பரில் கீறல் எல்லாம் இருக்கும். இழுவையை முன் சக்கரம், பின் சக்கரம் என்று பிரித்து அனுப்பும் கியர்ப்பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி ஒரு வரி இருக்காது. லோ ரேஞ்ச் (சேற்றிலும் ஏற்றத்திலும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால், "சார், ஆல் குட் சார்" என்று பதில் வரும்.

பழைய வண்டிகளை நிறுத்தி விற்கும் யார்டுக்காரர்கள் வேறு ரகம். அங்கே நிற்கும் எல்லா வண்டியும் டாக்டர் வண்டிதான், எல்லாமே சிங்கிள் ஓனர்தான். (கர்நாடகத்தில் இருக்கும் டாக்டர்கள் எல்லாம் மாதம் ஒரு எஸ்யூவி விற்றால்கூட இந்தக் கணக்கு ஒத்துவராது.) ஒரு யார்டில் பளபளவென்று ஒரு டீசல் எஸ்யூவி, எண்பதாயிரம்தான் ஓடியது. ஃபோர் வீல் பட்டனைத் திருப்பினேன், டாஷ்போர்டில் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது, நிலையாக எரியவே இல்லை. அங்கே நின்ற பையன் சொன்னான், "அதை யார் சார் போடுவா?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஸ்கார்ப்பியோ, சஃபாரி ஸ்டார்ம் மாதிரி வண்டிகளின் ஃபோர் பை ஃபோரில் லீவர் கிடையாது, ஒரு திருகு பட்டன்தான். அதைத் திருப்பினால் அடியில் சின்ன மோட்டார் ஒன்று டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றிவிடும். வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டால் மோட்டார் இறுகிப்போகும், வயர் இணைப்பில் களிம்பேறும். லீவர் வைத்த வண்டியிலும் இதே கதி, துரு பிடித்து லீவர் அசையாது. மாதம் ஒரு முறையாவது மண் தரையில் போட்டு நாலடி ஓட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது. நகரத்தில் அதைச் செய்கிறவர் யார்? எஸ்டேட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைப் போடாமல் கேட்டைத் தாண்ட முடியாது.

அப்புறம், மெக்கானிக் இல்லாமல் எந்த வண்டியையும் பார்க்கப் போகாதீர்கள். எனக்குக் கிடைத்தவர் அல்சூர்க்காரர், நம் ஆள், இந்த மாதிரி வண்டிகளிலேயே தலை நரைத்தவர். பார்ப்பதற்கு ரெண்டாயிரம் வாங்குவார், வாங்கலாம் வேண்டாம் என்று ரெண்டே வார்த்தையில் முடிப்பார். இந்த மொத்த வேட்டையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், நீங்களே செய்து பார்க்கலாம். பார்ட்-டைம் ஃபோர் பை ஃபோர் (தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களையும் இணைக்கும் ரகம்) என்றால் அடியில் படுத்து, முன் சக்கரங்களுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஃபோர் வீல் போடச் சொல்லி, வண்டியை இரண்டடி நகர்த்தச் சொல்லி, மறுபடி எட்டிப் பார்ப்பார். கோடு சுற்றிப் போயிருந்தால் சரி. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தும் கோடு அதே இடத்தில் நின்றால், விளக்குதான் ஃபோர் வீல், வண்டி இல்லை. கோடு சுற்றினாலும் விட மாட்டார், முன் சக்கரம் வரைக்கும் இழுவை போகிறதா என்று மண் தரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பச் சொல்வார். வண்டி முறைத்துக்கொண்டு திரும்பினால் நாலும் பிடித்திருக்கிறது. இதைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும்போது வளைவில் சக்கரம் வழுக்கிக்கொடுக்க வேண்டும், தாரில் வழுக்காது, அந்த முறுக்கு முழுவதும் கியரில் போய் இறங்கும்.

ஆனால் நான் வாங்கிய முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர், நாலு சக்கரமும் எப்போதும் ஓடும் ரகம். முன் ஷாஃப்ட் எந்நேரமும் சுற்றும், அதனால் சாக்பீஸ் வேலைக்கு ஆகாது. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரென்ஷியல் பூட்டுகிறதா, லோ ரேஞ்ச் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விற்றவர் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மகளோடு ஜே.பி. நகரில் வந்து தங்கியிருந்தவர், வண்டியையும் கொண்டுவந்திருந்தார். கனகபுரா ரோட்டைத் தாண்டி ஒரு காலி மனையில் வைத்துப் பார்த்தோம், லீவர் விரலால் தள்ளினாலே விழுந்தது. மெக்கானிக் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது.

அதோடு விடவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து வெயிலில் காட்டினார்.

"மோர் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம் தம்பி. ஆத்துல இறக்கியிருப்பாங்க. இது கறுப்பா இருக்கு, நாறுது, ஆனா தண்ணி இல்ல."

"அப்போ பரவாயில்லையாண்ணா?"

"எண்ணெய் மாத்தியே பல வருஷம் ஆகியிருக்கும். மாத்திட்டு ஓட்டுங்க. பின் ஆக்ஸிலையும் பாத்துருவோம்."

பின் ஆக்ஸிலும் சுத்தம். ஆனால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஓட்டைகளுக்குள் செம்மண் அடைத்துக் கிடந்தது, ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கிண்டினால் கட்டி கட்டியாக விழுந்தது. ஈரமண் தேங்கினால் துரு உள்ளிருந்து தின்னும், எஸ்டேட் வண்டியின் பெரிய குறையே இதுதான். சுத்தியல் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனார், கணீரென்று சத்தம் வந்தால் இரும்பு, மொத்தென்று வந்தால் துரு. ஒரு பிராக்கெட் மட்டும்தான் மொத்தென்றது. ஆனால் அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டால் தட்டவே வேண்டாம், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடி வயிற்றுக்கு யாரும் சும்மா பெயின்ட் அடிப்பதில்லை.

இன்ஜின் பக்கம். நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது, அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், லட்சத்தில் செலவு வைக்கும். இந்த 3.0 டீசலில் இன்னும் இரண்டு விஷயம். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் கலந்து, கீழே ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும், கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே போச்சு. அடுத்தது டைமிங் பெல்ட். இதில் செயின் கிடையாது, பெல்ட்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ரெண்டு லட்சம் ஓடிய வண்டியில் ஒரு தடவையாவது மாற்றியிருக்க வேண்டும். மாற்றினேன் என்று வாயால் சொன்னால் போதாது, பில் வேண்டும். எனக்கு விற்றவர் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய பில்களைத் தூக்கிக் கொடுத்தார். மீட்டரை யாராவது குறைத்திருந்தாலும் அந்தப் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது நைஸ் ரோட்டில் ஒரு முறை நூறைத் தொடுங்கள், ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் தரை அதிரும். அப்புறம் நேரே சில்க் போர்டுக்குப் போய் ஏசியைப் போட்டுக்கொண்டு சாயங்கால நெரிசலில் நில்லுங்கள். ரேடியேட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல லேப் இந்தியாவில் கிடையாது, கட்டணமும் இல்லை.

சென்னைப் பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைத்தால் நம் ஆட்கள் சட்டென்று சாய்ந்துவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை முடிவு வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறைக் கோடு தெரிந்தால் வண்டி நீந்தியிருக்கிறது. உட்புறத்தைப் பாலிஷ் போடுகிறவர்கள் அதுவரை போவதில்லை.

டெல்லி வண்டியும் அப்படித்தான் ஆசை காட்டும். அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. அதிலிருந்து என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்று) வாங்கித் தெற்கே தள்ளிவிடுவது ஒரு பெரிய வியாபாரம். விலை லட்சக்கணக்கில் குறையும். ஆனால் கர்நாடகத்தில் வெளிமாநில வண்டியை வைத்துக்கொள்ள ஆயுள் வரி கட்ட வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப அது குறைந்தாலும் கணக்கு ஆரம்பிப்பது வண்டி புதிதாக இருந்தபோதைய விலையிலிருந்து. அதையும் என்ஓசி அலைச்சலையும் ஏஜென்ட் செலவையும் கூட்டினால் லாபம் கரைந்துவிடும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி ஓசூர் நம்பரில் தினமும் வந்து போகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டீலரிடம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பழைய வண்டியில் ஜிஎஸ்டி 18 சதவீதம் டீலருடைய லாபத்தின் மீதுதான், முழு விலையின் மீது இல்லை. என்னிடம் ஒரு யார்டில் முழு விலைக்கும் போட்டுக் கணக்கு காட்டினார்கள், கேட்டதும் சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டார்கள்.

மற்ற வண்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜிப்ஸி கல்லு மாதிரி எளிமையான வண்டி, 1.3 பெட்ரோல், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், கம்பெனி ஏசி கிடையாது. ஆனால் இப்போது சொல்கிற விலை ஆசைக்கான விலை, வண்டிக்கானது இல்லை. 2020-க்கு முந்தைய பழைய மஹிந்திரா தார் ஜீப் காட்டுக்கு நல்லது, குடும்பத்தோடு ஓசூர் தாண்டினால் பின்னால் குறுக்கே உட்கார்ந்தவர்கள் பேச மாட்டார்கள். எண்டெவர் ஓட்ட அருமை, ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது என்பதுதான் எனக்குத் தயக்கம். ஃபார்ச்சூனர் இங்கே பக்கத்தில் பிடதியில் செய்தது, இன்னோவாவோடு அடித்தளம் ஒன்று, ஜே.சி. ரோட்டில் கேட்ட பார்ட்ஸ் அன்றே கிடைக்கிறது. அதுதான் முடிவு செய்தது.

குறை இல்லாமல் இல்லை. பின்னால் டிரம் பிரேக், இரண்டு டன் பக்கம் இருக்கும் உடம்புக்கு அது போதாது என்றே தோன்றுகிறது, இடைவெளி விட்டு ஓட்டப் பழக வேண்டும். நகரத்துக்குள் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் பெரிய விஷயம். நாலு டயரும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் புதுசு போட்டால் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்யும்; 265/65 ஆர்17 அளவில் நாலு டயர் அரை லட்சத்துக்கு மேல். இதில் டயர் தேய்ந்திருந்ததைக் காட்டித்தான் விலையில் கணிசமாகக் குறைத்தேன். ஆர்சி 2027-ல் முடிகிறது என்பது இன்னொரு பிடி. பதினைந்து வருஷம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி.

பணம் கொடுக்கும் முன் வண்டி எண்ணைப் போட்டுப் பாக்கி அபராதம் பாருங்கள், கடன் முடிந்திருந்தால் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35 வாங்குங்கள், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் கையோடு நிரப்பி வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது விற்றவருடையது. உங்கள் பழைய வண்டியில் சேர்த்து வைத்திருந்தால் அந்தக் கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கி இதற்குப் போட்டுக்கொள்ளலாம்.