லீஸ் முடிந்த கார்: திருப்பிக் கொடுப்பதா, வாங்கிவிடுவதா?

ஓசூரில் வேலை, கிருஷ்ணகிரியில் வீடு. கம்பெனி லீஸில் எடுத்த கார் நான்கு வருடமாகச் சூளகிரி வழியே போய் வருகிறது. அடுத்த மாதம் லீஸ் முடிகிறது.

திருப்பிக் கொடுத்தால் சாவியோடு கவலையும் போகும் என்பார்கள். பாதிதான் உண்மை. ஒப்பந்தக் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் கூடுதல் பணம் கேட்கலாம். கீறல், நசுங்கலுக்குத் தனிக் கணக்கு. என் பின் பம்பரில், சந்தூர் மாம்பழம் ஏற்றும்போது கிரேட் உரசிய கோடு ஒன்று இருக்கிறது. விரல் நீளம்தான். பார்க்க வருபவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

வாங்குவதென்றால், ஒப்பந்தத்தில் உள்ள மீதி மதிப்பையும் (லீஸ் முடிவில் வண்டிக்குக் குறித்த விலை) அதே வருட வண்டியின் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லீஸ் பதிவை நீக்க 35. அது பெரிய விஷயமில்லை. சிக்கல் கேஏ நம்பரில்தான். கர்நாடகப் பதிவு என்றால் படிவம் 28 போட்டுத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, கிருஷ்ணகிரிப் பதிவான டிஎன் 24-க்கு மாற்ற வேண்டும். அந்த வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரிந்த வண்டி அப்புறம் மலிவாக இருக்காது.

என்னுடையது டிஎன் வண்டி. பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும். சரி, வாங்கிவிடுகிறேன்.