மின்கார் வாடகைக்கு விட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்: எனக்குப் போனது 1,86,000 ரூபாய்

என் மின்காரை வாடகை வண்டியாக மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்கி ஏமாற்றிய ஆப் கம்பெனிக்கு நேற்று சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை போன் பண்ணினேன். "மேடம், உங்க புகார் டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு" என்றது ஒரு பெண் குரல். பணமே வரலையே, எப்படிம்மா க்ளோஸ் ஆகும் என்றேன். "சிஸ்டத்துல முடிஞ்சதா காட்டுது மேடம்." வைத்துவிட்டாள். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. விடிவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எங்கெங்கே ஏமாந்தேன், நீங்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று முடிவில் விவரமாகச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் குருசுக்குப்பம் பக்கம் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறை கட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களைத் தங்கவைக்கிறோம். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு மத்தியானம் கிளம்புகிற சென்னை, பெங்களூர் ஆட்கள்தான் பெரும்பாலும். பையை வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி கிடைக்குமா?" ஸ்கூட்டர் வாடகைக்குத் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. ஆனால் அறுபது வயதுக்காரர்கள் ஸ்கூட்டரில் போவார்களா? கைக்குழந்தையோடு வந்தவர்கள் போவார்களா? பெரிய காரை எடுத்துக்கொண்டு ஒயிட் டவுனுக்குள் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். சாயங்காலம் 6 மணிக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துவிடுவார்கள், மறுநாள் காலை 7.30 வரை வண்டி போகாது. அந்தக் கூட்டம் முழுக்கத் துய்மா வீதிப் பக்கம்தான் வந்து நிற்கும்.

அதற்காகத்தான் அந்தக் குட்டி மின்காரை வாங்கினோம். வங்கிக் கடனில்தான். இரண்டே கதவு, நாலு பேர் உட்காரலாம், மூன்று மீட்டர்கூட நீளம் கிடையாது. 17.3 கிலோவாட் மணி பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 230 கிலோமீட்டர் என்று கம்பெனிக் கணக்கு. ஏசி போட்டு ஓட்டினால் எங்களுக்கு 170 வரை வந்தது. அதுவே தாராளம். ஆரோவில், செரினிட்டி பீச், அரிக்கமேடு, நோணாங்குப்பம் படகுத்துறை என்று எல்லாவற்றையும் சுற்றிவந்தாலும் 60 கிலோமீட்டர் ஆகாது. ராத்திரி 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் ஏழு மணி நேரத்தில் முழுசாக ஏறிவிடும். யோசனையில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். மின்வண்டியின் பச்சை நம்பர் தட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி. முறைப்படி மாற்றிக்கொண்டு தொழில் பண்ணலாம் என்றுதான் விசாரித்தேன். அப்போதுதான் 1989ஆம் வருஷத்து ரென்ட்-எ-கேப் திட்டம் பற்றித் தெரிந்தது. ஓட்டுநர் இல்லாமல் காரை வாடகைக்கு விட உரிமம் வாங்க வேண்டுமென்றால் குறைந்தது 50 கார் வேண்டும். ஒரு கார் வைத்திருக்கிற எனக்கு யார் தருவார்கள்? உரிமம் உள்ள யாராவது ஒருவரோடு வண்டியைச் சேர்த்துவிட வேண்டும்.

அப்படித் தேடும்போது கண்ணில் பட்டதுதான் அந்த ஆப். சுற்றுலா ஊர்களில் சின்ன மின்கார்களைச் சேர்த்து, பயணிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களாம். உரிமம் அவர்களுடையது, வண்டி நம்முடையது. பெயரைப் போடவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஐப்பசியில் அந்த ஆப் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். முப்பது வயது இருக்கும். செருப்பைத் திண்ணைக்குக் கீழே கழற்றிவிட்டு வந்தான். "அக்கா, தண்ணி கொஞ்சம் குடுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். அன்றைக்கு அடை வார்த்திருந்தேன், இரண்டு சாப்பிட்டான். அப்பா கடலூரில் ஆட்டோ ஓட்டுகிறார், டீசல் விலையில் என்ன மிஞ்சும் என்று வருத்தப்பட்டுப் பேசினான். வாடகை வண்டிக்கு வேண்டிய பெர்மிட் பற்றி நான் கேட்டதும் போனை எடுத்து மத்திய அரசின் அறிவிக்கையைத் திறந்து காட்டினான். 2018 அக்டோபரில் வந்தது. பேட்டரியில் ஓடுகிற போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று இருந்தது. "பாருங்கக்கா, அரசாங்கமே விலக்கு குடுத்திருக்கு. நம்ம ஊர்ல யாருக்கும் இது தெரியாது."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அந்த அறிவிக்கை உண்மையானது. நான் தனியாகத் தேடியும் பார்த்தேன், இருந்தது. ஒரு உண்மையைக் காட்டி ஒன்பது பொய்யை விற்றிருக்கிறான். விலக்கு பெர்மிட்டுக்குத்தான். வண்டியை முதலில் போக்குவரத்து வாகனமாகப் பதிவு செய்தாக வேண்டும், தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும், அதற்கேற்ற இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். அதற்கெல்லாம் விலக்கே கிடையாது. அதையெல்லாம் "நாங்க பாத்துக்கறோம்க்கா" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார், "மாத்தின ஆர்.சி.யைக் கையில குடுத்துட்டுப் பணம் வாங்கிக்கச் சொல்லு." நான்தான் கேட்கவில்லை. டிசம்பர் கூட்டம் வருவதற்குள் வண்டி ரெடியாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

மொத்தம் 1,86,000 ரூபாய். பதிவு மாற்றம், வாடகை வண்டி இன்சூரன்ஸ், ஜி.பி.எஸ். பெட்டி, சுவரில் மாட்டும் சார்ஜர், எல்லாம் சேர்த்து 96,000. திருப்பித் தரும் டெபாசிட் 90,000. ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் அனுப்ப முடியவில்லை, அதனால் முதல் நாள் 1,00,000, மறுநாள் 86,000 என்று போனிலேயே அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்ட்ஸ் சார்தான்க்கா" என்றான். என் வளையலை அடகு வைத்து எடுத்த பணம் அது. மாசம் 18,000 ரூபாய்க்குக் குறையாமல் வரும், நகையை ஒரு வருஷத்துக்குள் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அவன்தான்.

கார்த்திகையில் இரண்டு பேர் வந்தார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒயரை வெட்டி ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டினார்கள். பழைய நம்பர் தட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் எழுத்துத் தட்டைப் பொருத்தினார்கள். சுவர் சார்ஜர் அட்டைப்பெட்டியோடு வந்து, எலக்ட்ரீஷியன் வருவார் என்று வராந்தாவில் வைத்ததுதான். இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறது. புதுத் தட்டைச் சாதாரண ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். பழைய தட்டு அப்படி இல்லை, கழற்ற முடியாத பூட்டு ஆணி போட்டிருந்தது, மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராம் இருந்தது. வித்தியாசத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் கேட்காமல் விட்டேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்கவில்லை. வகை மாற்ற வேண்டுமென்றால் வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கடன் பாக்கி உள்ள வண்டி என்பதால் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பிறகு வங்கியில் போய்க் கேட்டேன், அப்படி யாரும் வந்து கேட்டதே இல்லையாம்.

டிசம்பரில் அந்த ஆப் வழியாக நாலு புக்கிங் வந்தது. அந்தப் பணம் என் கணக்குக்கு வரவே இல்லை. "செட்டில்மென்ட் சைக்கிள்" என்றார்கள். ஐந்தாவதாக வந்தவர்கள், பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி, கூட வயதான அம்மா. ஆரோவிலுக்குக் கிளம்பினார்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அங்கிருந்து தமிழ்நாடு. புதுச்சேரிக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க நினைக்கிற ஆரோவிலே பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சோதனையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

வண்டியை எடுத்துப்போனவர் போன் பண்ணினார். "மேடம், வண்டி நம்பரைப் போட்டா பிரைவேட் கார்னு வருதாம். தட்டு மட்டும் வேறயாம்." எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்த அம்மா வெயிலில், ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கத்தவில்லை. தன் போனைத் திருப்பி எனக்குக் காட்டினார். என் வண்டி நம்பர், என் பெயர், பக்கத்தில் தனியார் உபயோகம் என்று இருந்தது. "யாரோ தட்டை மட்டும் மாத்திக் குடுத்து உங்களை ஏமாத்தியிருக்காங்கம்மா. இன்சூரன்ஸும் சொந்த உபயோகத்துக்குத்தான் இருக்கு. வாடகைக்கு விட்ட நேரத்துல யாரையாவது இடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அபராதம் கட்டினேன், வந்தவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அதெல்லாம் இந்த 1,86,000 ரூபாய்க் கணக்கில் சேராது.

அன்றைக்கு ராத்திரியே அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, அப்டேட் ஆக லேட் ஆகும்" என்றான். மறுநாள், "ஆர்.டி.ஓ.ல சர்வர் டவுன்." அடுத்த வாரம், "மேனேஜர் லீவுக்கா." பிறகு அவன் நம்பரே போகவில்லை. ஆப்பில் புகார் போட்டேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்று வந்தது, 48 மணி நேரம் கழித்து அதே பதில் மறுபடி வந்தது. ஒரு சார் பேசினார், "மாசி மகத்துக்குள்ள டெபாசிட் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்மா, என் பொறுப்பு" என்று. தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பத்தில் சாமியெல்லாம் வந்து போய் ஒரு வாரம் ஆகிறது. ஒரு ரூபாய் வரவில்லை. ஒப்பந்தத்தில் போட்டிருந்த சென்னை முகவரிக்கு நேரில் போனோம். நாலாவது மாடி, கண்ணாடிக் கதவு. அங்கே மேசையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். "அவங்க இங்க வர்றதில்ல சார், தபால் மட்டும்தான் வரும்" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காவல் நிலையத்தில், ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், இது சிவில் விவகாரம் என்றார்கள். போலி நம்பர் தட்டு எப்படி சிவில் விவகாரம் ஆகும்? இரண்டு தடவை அலைந்த பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். இணைய வழிப் பண மோசடிக்குப் புகார் சொல்கிற 1930 எண்ணுக்கும் பேசினேன். பணம் போனவுடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கை முடக்க முயற்சி பண்ணியிருக்கலாம், இப்போது மாசக்கணக்கில் ஆகிவிட்டது என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று ஆப்காரர்களிடம் சொன்னதற்கு, "நீங்க நுகர்வோர் இல்ல மேடம், பிசினஸ் பார்ட்னர்" என்று பதில் அனுப்பினார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம்கூட இல்லை. போகத்தான் போகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது மணி ஆறாகிவிட்டது, மேல் அறையில் விருந்தினர் எழுந்துவிட்டார்கள், காபி கேட்பார்கள். அவசரமாக இது மட்டும்.

யாராவது உங்கள் வண்டியை வாடகை வண்டியாக மாற்றித் தருகிறேன் என்றால், அரசின் பரிவாகன் ஆப்பில் உங்கள் நம்பரைப் போட்டு வகை மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. அது மாறும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 50 வண்டி உரிமம் இருக்கிறது என்றால் அதன் நகலைக் கேளுங்கள், போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். பணம் அனுப்பும்போது திரையில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள். புது வண்டியில் ஒயரை வெட்ட விடாதீர்கள். அந்தப் பெட்டியால் வாரன்டி போகும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள், அந்தப் பெட்டிக்குள் சிம்மே இல்லையாம்.

1,86,000 ரூபாய். ஆடியில் அடகுக்கு வட்டி கட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறந்ததும் பழைய தட்டை எடுத்துக்கொண்டு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன்.